சம்மன் யார் வீட்டுக்குப் போகிறது? போக்குவரத்து அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய போக்குவரத்துக் காவல் அதிகாரிகளுக்கும் சாலைப் போக்குவரத்து இலாகா அதிகாரிகளுக்கும்,

வணக்கம். நான் மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறையில் குடியிருப்பவள். கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். காலை ஆறரைக்கு மோட்டார் சைக்கிளில் பினாங்குப் பாலம் ஏறுவேன், சாயங்காலம் அதே பாலத்தில் திரும்புவேன். போகும்போது கடல்காற்று தள்ளும், வரும்போது பாதி நாள் மழை. அந்த நேரத்தில் பாலத்தின் இடது ஓரத்தில் ஒருவர் பின் ஒருவராகப் போகிற மோட்டார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒன்று என்னுடையது.

தொழிற்சாலையில் என் வேலை அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. கலிப்ரேஷன் என்போம். எங்கள் அறையில் இருக்கிற ஒவ்வொரு மைக்ரோமீட்டரிலும் காலிப்பரிலும் நகத்தளவு ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். எப்போது சரிபார்த்தது, அடுத்து எப்போது, யார் பார்த்தது என்ற மூன்று விவரமும் அதில் இருக்கும். தேதி ஒரு நாள் தாண்டினாலும் அந்தக் கருவியை யாரும் தொடக்கூடாது. சிவப்பு அட்டையைக் கட்டிப் பூட்டி வைத்துவிடுவோம். கருவியில் பிழை என்று தெரிந்துவிட்டால் வேலை இன்னும் கூடும். போன முறை சரிபார்த்த நாளிலிருந்து அது அளந்த சரக்கு அத்தனையையும் தேடி எடுத்துத் திரும்ப அளக்க வேண்டும். ஒரு தடவை, காலிப்பர் ஒன்றின் வாய் முடியளவு தேய்ந்திருந்ததற்காக மூன்று மாதச் சரக்கை வெளியே இழுத்தோம். இரண்டு வாரம் எல்லாருக்கும் ஓவர்டைம்.

இந்த வேலையில் இருப்பதால்தான் உங்கள் கருவியைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். எனக்கும் ஒரு முறை சம்மன், அதாவது அபராத நோட்டீஸ், வந்தது. வேக எல்லை 80 என்று பலகை இருக்கிற சாலையில் 97. தப்பு என்னுடையது. வேலைக்கு நேரமாகிவிட்டது, முறுக்கினேன். பணத்தைக் கட்டிவிட்டேன். ஆனால் அந்த 97 எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். எங்கள் ஜனங்களும் இதைப் படிப்பார்கள் என்பதால், தெரிந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன்.

முக்காலியில் வைத்தோ கையில் பிடித்தோ நீங்கள் குறி பார்க்கும் லேசர் கருவி, கண்ணுக்குத் தெரியாத ஒளியைத் துடிப்புத் துடிப்பாக அனுப்புகிறது. அது வண்டியில் பட்டுத் திரும்ப எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நொடியில் 3 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால் இந்தக் கணக்கெல்லாம் நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் நடக்கிறது. ஒரு நொடிக்குள் பல தடவை தூரம் அளந்து, அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் வேகம் வந்துவிடும். 80-ல் வருகிற வண்டி நொடிக்கு 22 மீட்டர் நகர்ந்துவிடுகிறது, அதனால் கருவிக்கு இது கஷ்டமான அளவு இல்லை. ராடார் வேறு மாதிரி. வண்டியில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் மாறுவதைப் பார்ப்பது அது. அதன் கதிர் அகலமாகப் பரவும். பக்கத்தில் பெரிய லாரி வந்தால், எந்த வண்டியின் வேகம் அது என்பதில் ஆளின் கவனம் வேண்டும்.

லேசர்க் கதிரும் ஊசி மாதிரி அப்படியே போவதில்லை. பொதுவாக 300 மீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்துக்கு விரிந்திருக்கும். ஒரு மோட்டாரை விட அது அகலம். கை ஆடி, கதிர் வண்டியின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வழுக்கினாலும் கணக்கு மாறலாம். அதற்காகத்தான் ஒரே சீராக வராத அளவைக் கருவியே தள்ளிவிடும்படி செய்திருக்கிறார்கள். முக்காலியும் அதற்காகத்தான். சாலையோரத்தில் கொஞ்சம் சாய்வாக நின்று குறி பார்த்தால் வேகம் குறைத்துத்தான் காட்டும், கூட்டிக் காட்டாது. 10 டிகிரி சாய்வில் 80 என்பது 79-க்குக் கொஞ்சம் கீழே தெரியும். ஓட்டுகிறவருக்குத்தான் அது லாபம். நம் வண்டியின் மீட்டரும் உள்ளதை விடச் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படிதான் வடிவமைக்கப்படுகிறது. உங்கள் கருவி 97 என்றது என்றால் என் மீட்டரில் முள் நூறைத் தொட்டிருக்க வேண்டும். நான்தான் பார்க்கவில்லை.

ஆகவே கருவிமேல் எனக்குப் புகார் கிடையாது. கருவி அளக்கும், அவ்வளவுதான். யாரை அளப்பது என்று அதற்குத் தெரியாது. எந்த மேம்பாலத்துக்குக் கீழே நிற்பது, எந்த நேரத்தில் நிற்பது, எத்தனையைத் தாண்டினால் படம் எடுப்பது என்பதெல்லாம் நீங்கள் முடிவு செய்வது. இந்த மடல் அதைப் பற்றித்தான்.

கோப்பிக் கடையில் உட்கார்ந்தால், வேக எல்லைக்கு மேல் நீங்கள் எத்தனை கிலோமீட்டர் விட்டுக்கொடுக்கிறீர்கள் என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். ஒருவர் பத்து என்பார், இன்னொருவர் அதெல்லாம் இல்லை, ஒன்று கூடினாலும் வரும் என்பார். இதை வெளியே சொல்லுங்கள் என்று நான் கேட்கவே மாட்டேன். சொன்னால் மறுநாளே 110 என்பது 120 ஆகிவிடும். நீங்கள் மறைந்து நிற்பதிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. பலர் அதைத்தான் பெரிய அநியாயமாகப் பேசுகிறார்கள். திருடனைப் பிடிக்கிறவர் முரசு கொட்டிக்கொண்டா வருவார்? நீங்கள் நிற்கிற இடத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே எதிரில் வருகிறவன் ஹைபீம் அடித்துக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். கைப்பேசியில் வேஸ் என்ற வழிகாட்டிச் செயலியில் வேறு குறி வந்துவிடுகிறது. மறைந்தாவது நில்லுங்கள்.

ஆனால் எங்கே நிற்கிறீர்கள் என்பது வேறு கேள்வி. 90-லிருந்து 60-க்கு இறங்குகிற பலகையைத் தாண்டி, இறக்கத்தில், அகலமான நேர்ச்சாலையில் நின்றால் ஒரு மணி நேரத்தில் சம்மன்களால் பை நிறைந்துவிடும். அங்கே மாட்டுகிறவர்களும் சட்டத்தை மீறியவர்கள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதே ஒரு மணி நேரம் எங்கள் தாமான் (குடியிருப்பு) பக்கத்துத் தமிழ்ப்பள்ளி முன்னால் காலை ஏழே காலுக்கு நின்று பாருங்கள். பையைத் தோளில் மாட்டிய முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒரு கையால் பாட்டியைப் பிடித்துக்கொண்டு நடுக்கோட்டில் நிற்கும். இரண்டு பக்கமும் காடி, அதாவது கார், 60, 70 என்று பறக்கும். பள்ளி வட்டாரம், 30 என்று பலகை இருக்கிறது. அதைப் பார்க்கிறவர் குறைவு. பத்தே பேருக்குத்தான் அங்கே சம்மன் எழுத முடியும் என்றாலும் அந்தப் பத்து, மற்ற இடத்து நூறுக்குச் சமம் என்று நான் நினைக்கிறேன். 30-ல் போகிற வண்டியின் மோதல் ஆற்றலை 60-ல் போகிற வண்டி நான்கு மடங்காக்கும். வேகம் இரட்டித்தால் ஆற்றல் இரட்டிப்பதோடு நிற்காது, அது வர்க்கக் கணக்கு. ஆறு வயதுப் பிள்ளையின் மார்பு உயரத்தில்தான் காடியின் முன்பக்கம் இருக்கிறது.

இன்னொன்று. இதைச் சொல்லத்தான் முக்கியமாக உட்கார்ந்தேன்.

எங்கள் லைனில் ஒரு பையன் இருந்தான். இருபத்தொரு வயது. எனக்கு முன்னால் அரை கிலோமீட்டரில் போவான், நான் பின்னால் வருவேன், தினமும் அப்படித்தான். ஒரு நாள் காலை, பாலத்துக்கு ஏறும் வளைவுக்கு முன்னால் கூட்டமாக நின்றிருந்தார்கள். பின்னால் வந்த காடி ஒன்று லேன் மாறி மாறி வந்து இடது ஓரத்தில் இருந்தவனை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமலே போய்விட்டது என்றார்கள். நான் மோட்டாரை ஓரங்கட்டிவிட்டு ஓடினேன். அவன் மோட்டார் தடுப்புக் கம்பியில் சாய்ந்து கிடந்தது. ஹேண்டிலுக்குக் கீழே இருக்கிற கொக்கியில் பிளாஸ்டிக் பையில் நாசி லெமாக் பொட்டலம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. ரப்பர் பேண்ட் கூட அவிழவில்லை. அவன் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை. அந்தக் காடியின் நம்பரை யாரும் பார்க்கவில்லை. பின்னால் பலகையே இல்லை என்றார் ஒருவர், இருந்தது என்றார் இன்னொருவர்.

நம் நாட்டில் ஆண்டுக்கு ஆறாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சாலையில் சாகிறார்கள். 2016-இல் 7,152 பேர். அதில் பத்தில் ஆறு பேருக்கு மேல் மோட்டாரில் போனவர்கள். இந்தப் பையனை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டோம். அந்தக் காடியை எந்தக் கணக்கிலும் சேர்க்கவில்லை.

கேமராவும் லேசரும் எடுப்பது நம்பர் பலகையின் படத்தை. பலகையை வைத்துச் சொந்தக்காரரைத் தேடி, அவர் முகவரிக்கு நோட்டீஸ் போகிறது. நாங்கள் சமான் ஏக்கோர் என்று மலாயில் சொல்கிற அந்த 170ஏ பாரம் வீட்டுக்கு வருகிறது. ஓட்டியவர் யார் என்று சொல்ல வேண்டிய கடமை, 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 115-ஆவது பிரிவின்படி சொந்தக்காரருக்கு இருக்கிறது. எல்லாம் சரி. ஆனால் இந்த வலையில் எந்த மீன் விழுகிறது என்று பாருங்கள். பலகை நேராக இருக்கிறவர், வண்டி தன் பேரிலேயே இருக்கிறவர், முகவரி மாறாதவர், ரோட் டேக்ஸ் புதுப்பிக்க வேண்டுமே என்று பயப்படுகிறவர். பலகையை மடக்கிவிட்டு ராத்திரி பந்தயம் விடுகிறவன் விழுவதில்லை. பேர் மாற்றாமல் நாலு கை மாறிய மோட்டாரை ஓட்டுகிறவன் விழுவதில்லை. அவனுக்குப் பதிலாக, ஐந்து வருடத்துக்கு முன் அதை விற்ற யாரோ ஒரு பாக்சிக்கு, ஒரு மலாய்ப் பெரியவருக்குச் சம்மன் போகிறது. எங்கள் வட்டாரத்தில் இது சர்வசாதாரணம். பேர் மாற்றாமல் விற்பதும் வாங்குவதும் எங்கள் ஜனங்களின் தப்பு, அதை மறைக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே என் மோட்டார் வீட்டுக்காரர் பேரில்தான் இருக்கிறது. என் 97-க்கு அவர் பேரில்தான் நோட்டீஸ் வந்தது.

அதனால் நான் கேட்பது இது. கேமராவால் முடிகிறதைக் கேமராவிடம் விட்டுவிடுங்கள். கேமராவுக்கு அகப்படாதவனுக்கு ஆளைப் போடுங்கள். சம்பளம் கொடுத்துப் பயிற்சி கொடுத்த ஓர் அதிகாரியை, ஒரு பெட்டி செய்யக்கூடிய வேலையைச் செய்யச் சொல்லி மேம்பாலத்துக்குக் கீழே உட்கார வைப்பது எனக்கு மனசு பொறுக்கவில்லை. பலகை மடக்கியவனை, பலகையே இல்லாதவனை, லேன் மாறி மாறி அறுத்துக்கொண்டு போகிறவனைக் கையால் நிறுத்துவதற்கு ஆள்தான் வேண்டும். அது ஆபத்தான வேலை, மெனக்கெட்ட வேலை, ஒரு நாளைக்கு ஐந்து பேரைக் கூடப் பிடிக்க முடியாமல் போகலாம். எண்ணிக்கை குறைந்துவிட்டதே என்று மேலே இருப்பவர்கள் உங்களைக் கேட்காமல் இருக்க வேண்டும். சம்மன் எத்தனை எழுதினீர்கள் என்பதை வைத்து உங்கள் உழைப்பை அளக்கிறவர் யாராவது இருந்தால், அவர் தப்பான அளவுக்கோலைக் கையில் வைத்திருக்கிறார்.

கையால் நிறுத்தும்போது ஒரு விஷயம் கவனத்தில் இருக்கட்டும். தன் நிறத்தைப் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள் என்று எங்கள் பையன்கள் பலர் நினைக்கிறார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று என்னால் அளக்க முடியாது. ஆனால் அந்த நினைப்பு இருக்கிறது, வேலைக்குப் போகிற நல்ல பையன்களிடமும் இருக்கிறது. எதற்காக நிறுத்தினீர்கள், கருவி என்ன காட்டியது என்று திரையைத் திருப்பி ஒரு தடவை காட்டுங்கள். வண்டி, தூரம், வேகம், நேரம் நான்கும் அதில் இருக்கிறது. பார்த்தவன் வீட்டில் போய் 97-ல் போனேன் என்றுதான் சொல்வான். "செட்டல்" என்ற பேச்சும், கோப்பிக் காசு என்ற லஞ்சப் பேச்சும் திரையைத் திருப்பிய இடத்தில் எழ வாய்ப்புக் குறைவு. நோட்டீஸில் வேக எல்லையும் பதிவான வேகமும் இருக்கிற இடத்தில் இன்னும் ஒரே ஒரு வரிக்கு இடம் பாருங்கள். இந்தக் கருவி கடைசியாகச் சரிபார்க்கப்பட்ட தேதி. சிப்பாங்கில் சிரிம் என்ற தர நிர்ணய நிறுவனத்தின் கீழ் தேசிய அளவையியல் கழகமே நமக்கு இருக்கிறது. என் காலிப்பருக்கு ஸ்டிக்கர் இருக்கும்போது, 300 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம் கேட்கும் கருவிக்கு ஒரு தேதி இருப்பது அதிகமில்லை. எப்போதாவது ஒரு கருவி பிழை என்று தெரிந்தால், நாங்கள் சரக்கைத் திரும்ப அளப்பது போல, அது எழுதிய சம்மன்களையும் எடுத்துப் பார்ப்போம் என்று அறிவியுங்கள்.

அப்புறம் இந்தத் தள்ளுபடி. வருடக்கணக்காக எங்கள் வீடுகளில் சம்மன் வந்தால் அலமாரியில் செருகி வைத்துவிட்டு, தள்ளுபடி எப்போது வரும் என்று காத்திருப்பதுதான் வழக்கம். 2018-இல் ஏஇஎஸ் என்ற தானியங்கிக் கேமராக்களைத் தனியாரிடமிருந்து அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது, கட்டாமல் கிடந்த 31 லட்சம் சம்மன்களை ரத்து செய்தது. 43 கோடியே 50 லட்சம் வெள்ளி. ஒழுங்காக முதலிலேயே கட்டியவர்கள் வாயடைத்து நின்றார்கள். என் அண்ணனும் அவர்களில் ஒருவர். இந்த 2026 ஜனவரியிலிருந்து, 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 30 நாளுக்குள் என்றால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி, 60 நாளைத் தாண்டினால் நீதிமன்றம் என்று மாற்றியிருக்கிறீர்கள். இதை மனதார வரவேற்கிறேன். தயவுசெய்து இதிலேயே நில்லுங்கள். பெருநாளுக்கு ஒன்று, தேர்தலுக்கு ஒன்று என்று இன்னொரு தள்ளுபடி வேண்டாம்.

கட்டுவதோடு காரியம் முடிவதும் இல்லை. 2025 ஜூனில் கெரிக் அருகே பஸ் கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் இறந்தார்கள். அந்த ஓட்டுநர் பேரில் ஏற்கனவே 18 சம்மன்கள் இருந்தன, அதில் 13 வேகத்துக்காக என்று அப்போது காவல்துறையிடமிருந்தே தகவல் வந்தது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 13 தடவை கருவி சரியாகத்தான் அளந்திருக்கிறது. 13 தடவை ஒரு தாள் போயிருக்கிறது. நாற்பது பேரை ஏற்றுகிறவர் பேரில் மூன்றாவது சம்மன் விழும்போதே யாராவது ஒருவர் எழுந்து அந்த பஸ் கம்பெனி வாசலில் போய் நிற்கிற மாதிரி ஒரு முறை வேண்டும். குற்றம் செய்யும் ஓட்டுநர் பேரில் சேரும் கெஜாரா புள்ளிகள் இருக்கின்றன. அவற்றை முதலில் பஸ், லாரி ஓட்டுகிறவர்கள்மேல் முழுசாகப் பாய்ச்சுங்கள். என்னைப் போன்றவர்கள் வரிசையில் பின்னால் நிற்கிறோம்.

கடைசியாக எங்கள் பாலம். இரண்டு கேமராக்களுக்கு இடையே சராசரி வேகத்தைக் கணக்கிடும் முறையைப் பற்றிப் போக்குவரத்து அமைச்சு பேசி வருகிறது. அதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் இருக்குமா என்று தெரியவில்லை. பாலத்தின் நீளம் 13.5 கிலோமீட்டர், அதில் 8.4 கிலோமீட்டர் கடலுக்கு மேல். நடுவில் சந்து இல்லை, எக்ஸிட் இல்லை, கடைக்குத் திரும்ப வழி இல்லை. ஏறியவர் எல்லாரும் மறு கரையில்தான் இறங்க வேண்டும். 80-ல் போனால் அந்த 8.4 கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 18 விநாடி ஆகும். 110-ல் போகிறவர் 4 நிமிடம் 35 விநாடியில் போய்விடுவார். மிச்சப்படுத்துவது இரண்டு நிமிடம் கூட இல்லை, மோதல் ஆற்றலோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. கேமராவைப் பார்த்ததும் பிரேக் பிடித்துவிட்டு அடுத்த நூறு மீட்டரில் மிதிக்கிற வித்தை இங்கே பலிக்காது. ஹைபீம் அடித்தும் பயனில்லை. யாரும் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. அதனால் வேலை மிச்சமாகும் அதிகாரிகளைப் பலகை இல்லாதவர்களைப் பிடிக்கப் பாலத்தின் இரண்டு முனையிலும் நிறுத்தலாம். எப்படியும் அங்கேதானே இறங்கியாக வேண்டும்.

இதைச் செய்தால் முதல் மாதம் எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேருக்குச் சம்மன் வரும், திட்டுவார்கள். நானே கூட இரண்டு நாள் மாட்டுவேன். வரட்டும். நோட்டீஸில் கருவியின் தேதியும் இருந்தால், 15 நாளுக்குள் முதல் ஆளாகக் கட்டிவிடுகிறேன்.

திங்கட்கிழமை எனக்குக் காலை ஷிப்ட். ஆறரைக்குப் பாலத்தில் இருப்பேன், இடது ஓரத்தில். என் மோட்டாரின் முன்பலகை, பின்பலகை இரண்டையும் துடைத்து வைத்திருக்கிறேன். மோட்டாரை என் பேருக்கு மாற்றும் பாரத்தையும் வாங்கி வந்தாயிற்று, இந்த வாரம் வீட்டுக்காரரோடு போய்க் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
பிறையிலிருந்து தினமும் பாலம் கடக்கும் ஒரு தொழிற்சாலை ஊழியர்